ஓசையும் சொல்லும்: இல்லத் திரையரங்கிற்கு ஏற்ற ரிசீவரைத் தெரிவு செய்தல்

முன்னுரை

ஒலியை ஆராயும் துறைகளுள் தமிழிலக்கணமும் ஒன்று. எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், உந்தியிலிருந்து எழுகின்ற காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். அது மாந்தர் வாயில் ஒலி பிறக்கும் வரலாறு. இன்று நம் இல்லங்களில் பேசுவதற்கு மற்றொரு வாயும் வந்துவிட்டது. அதுவே ஒலிபெருக்கி. அவ்வாயினை இயக்கும் நெஞ்சாக விளங்குவது ரிசீவர் என்னும் கருவி.

மின்கருவியைப் பற்றித் தமிழ்த்துறையினர் எழுதுவது எதற்காக என்று மாணவர் சிலர் வினவக்கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில், நமக்குத் தமிழ் பயிற்றுவித்துப் பணி நிறைவு பெற்ற பேராசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அகவை எண்பதை நெருங்கிய அப்பெருந்தகை, மாலைதோறும் குடும்பத்தாருடன் அமர்ந்து பழைய பட்டிமன்றங்களையும் சொற்பொழிவுகளையும் திரைப்படங்களையும் கண்டு மகிழ்பவர். அதற்கெனவே வளைகுடா நாட்டில் பணியாற்றும் மகனார் ஒரு ரிசீவரை வாங்கி வந்திருந்தார். ஒலிபெருக்கிகளை உள்ளூர்க் கடையில் வாங்கினர். ஆயினும் ஆசிரியர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“சத்தம் நிறைய இருக்கிறது தம்பி, சொல்தான் இல்லை. கலை என்கிறாரா, தலை என்கிறாரா என்று பேரனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது” என்றார். சொல் விளங்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவார். ஒலி கூடக் கூட வீட்டார் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து செல்வர். அரைமணி நேரத்தில் கருவியும் தானே அணைந்துவிடும். இரு மடங்கு வாட் கொண்ட பெரிய ரிசீவர் ஒன்றை வாங்கினால் குறை தீரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மகனார் அதற்கென அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கிவிட்டார்.

அத்தொகை செலவாகுமுன் நம் கல்லூரி இயற்பியல் துறை நண்பரை அங்கு அழைத்துச் சென்றோம். ஒரு முற்பகல் முழுவதும் அவர் விளக்க, நாம் குறித்துக்கொண்டவற்றின் ஒழுங்குபடுத்திய வடிவமே இக்கட்டுரை. வாட் எண்ணைப் பார்த்து ரிசீவரைத் தெரிவு செய்தல் ஆகாது. செவி, அறை, ஒலிபெருக்கி, ரிசீவர் என்னும் வரிசையிலேயே தெரிவு அமைதல் வேண்டும் என்பதே இதன் கருத்தாகும்.

ரிசீவர் செய்யும் தொழில்கள்

ரிசீவர் என்பது ஒரு கருவியாயினும் அதனுள் நான்கு தொழில்கள் நிகழ்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டி, வட்டு இயக்கி, கணினி முதலியவற்றிலிருந்து வரும் ஒலிக்குறிகளுள் வேண்டியதைத் தெரிந்தெடுத்தல் முதல் தொழில். குறியீடாக வரும் ஒலியைப் பிரித்து அறிதல் இரண்டாம் தொழில். எவ்வொலி எவ்வொலிபெருக்கிக்குச் செல்ல வேண்டும் எனப் பகுத்தல் மூன்றாம் தொழில். பகுத்த மென்குறியை, ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் அளவிற்கு வலிமைப்படுத்தல் நான்காம் தொழில். வானொலி ஏற்கும் பகுதியும் இதனுள் அடங்கியிருந்தமையாலேயே ரிசீவர் என்னும் பெயர் நிலைத்தது.

ஒலியைப் பல வழிகளாகப் பகுக்கும் எண்ணம் தோன்றிய வரலாறு சுவையானது. ஆலன் புளூம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், திரையில் நடிகர் ஓரிடத்தில் நிற்க, அவர் குரல் வேறிடத்திலிருந்து வருதலைக் குறையாகக் கண்டார். அக்குறையை நீக்கும் இருவழி ஒலிமுறைக்கு 1931இல் காப்புரிமை கோரினார். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் நிகழ்ந்த இசையை இடம், நடு, வலம் என மூன்று வழிகளில் வாசிங்டன் நகருக்கு அனுப்பிக் காட்டினர். இன்று இல்லத் திரையரங்கின் முன்புறத்தில் மூன்று ஒலிபெருக்கிகள் நிற்பதற்கு அம்மூன்று வழிகளே முன்னோடி எனலாம். 1992இல் வெளிவந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தின் வாயிலாக டால்பி டிஜிட்டல் என்னும் 5.1 முறை திரையரங்கிற்கு வந்தது. முன்புறம் மூன்று, பக்கவாட்டில் அல்லது பின்புறம் இரண்டு ஆக ஐந்து முழு வழிகளையும், அடித்தொனிக்கு மட்டும் உரிய ஒரு குறுகிய வழியையும் அவ்வெண் குறிக்கிறது.

இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. படத்தின் உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. இசையும் இடியும் எவ்வழி வந்தாலும், சொல் வரும் வழி நடுவழியே ஆகும்.

முதற்பொருத்தம்: ஓம் அளவு

ஒவ்வோர் ஒலிபெருக்கியின் பின்புறத்திலும் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இஃது இம்பிடன்ஸ் எனப்படும் மின்மறுப்பின் அளவு. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றின் தொடர்பை ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயரே அளவையின் பெயராயிற்று.

இதனை ஏரியும் மதகும் கொண்டு விளக்கலாம். ரிசீவர் ஏரி, ஒலிபெருக்கி மதகு. ஓம் எண் பெரிதாயின் மதகு சிறிது. நீர் அளவோடு பாயும். ஓம் எண் சிறிதாயின் மதகு அகலம். நீர் விரைந்து பாயும். ஒரே மின்னழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கி ஈர்க்கும் மின்னோட்டத்தைப்போல் இரு மடங்கை 4 ஓம் ஒலிபெருக்கி ஈர்க்கும். ஏரி பெரிதாயின் கேடில்லை. சிறிதாயின் ரிசீவர் சூடேறும். எல்லை கடந்தவுடன் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இதனைப் பழுது எனக் கொள்ளலாகாது. காவல் எனவே கொள்ளல் வேண்டும்.

ரிசீவரின் பின்புறத்தில், ஒலிபெருக்கி இணைக்கும் முனைகளின் அருகிலேயே, எத்தனை ஓம் முதல் எத்தனை ஓம் வரை ஏற்கும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். நம் ஆசிரியர் இல்லத்து ரிசீவரில் 6 முதல் 16 வரை என்றிருந்தது. முன்புறத்து மூன்று ஒலிபெருக்கிகளிலோ 4 ஓம் என்றிருந்தது. கருவி அரைமணியில் அணைந்ததன் காரணங்களுள் முதன்மையானது இதுவே. வாங்கியவரும் பாரார், விற்றவரும் சொல்லார் எனின் இந்த ஓர் எண்ணே பெருந்தொகையை வீணாக்கிவிடும்.

மேலும் இரண்டு செய்திகள் ஈண்டுக் குறிக்கத்தக்கன. ஒலிபெருக்கியில் பொறித்த ஓம் எண் ஒரு பெயரளவே. ஒலியின் அதிர்வெண் மாறுந்தோறும் அது ஏறியும் இறங்கியும் நிற்கும். எனவே 6 ஓம் வரை ஏற்கும் ரிசீவருக்கு 8 ஓம் ஒலிபெருக்கியைக் கொள்வது அச்சமற்ற வழி. அடுத்து, விழா நாளில் ஒலி போதவில்லை என ஒரே முனையில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்ப்போர் உளர். இரண்டு 8 ஓம் இவ்வாறு சேரின் 4 ஓம் ஆகும். இரண்டு 6 ஓம் சேரின் 3 ஓம் ஆகும். ஒலிபெருக்கி கூடக் கூட ஓம் குறைகிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் பொருத்தம்: ஒலிபெருக்கியின் உணர்திறன்

ஒலிபெருக்கியின் குறிப்பேட்டில் 85 டெசிபல், 87 டெசிபல், 90 டெசிபல் என்றவாறு ஓர் எண் காணப்படும். ஒரு வாட் திறன் அளித்து, ஒரு மீட்டர் தொலைவில் நின்று அளந்தால் எவ்வளவு ஒலி கிட்டும் என்பதையே அது கூறுகிறது. இதனை உணர்திறன் என்பர். வாங்குவோர் பெரும்பாலும் பாராது விடும் எண் இது. ரிசீவரின் வாட் தேவையைத் தீர்மானிப்பதோ இதுவே.

கணக்கு எளியது. திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்ற இந்தப் பத்து டெசிபல் வேண்டும். அஃதாவது 10 வாட்டில் கேட்பதைப்போல் இரு மடங்காகக் கேட்க 20 வாட் போதாது. 100 வாட் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 87 டெசிபல் ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து 3 மீட்டர் தொலைவில் நாம் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். அறையினுள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இக்குறைவு சற்று மட்டுப்படும். எனினும் குறைவையே முழுதாகக் கொண்டால், 3 மீட்டரில் ஏறத்தாழ 9.5 டெசிபல் போய்விடும். ஒரு வாட்டிற்கு எஞ்சுவது 77.5 டெசிபல். ஒரு மீட்டர் எதிரே இருவர் இயல்பாக உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபல் ஆகும். எனவே சொற்பொழிவைக் கேட்க ஒரு வாட்டே மிகை.

பின் ஏன் பல வாட் வேண்டும்? படத்தில் இடி முழங்கும்போதும் கதவு அறையப்படும்போதும் ஒலி கண்ணிமைப்பொழுதில் 20 டெசிபல் மேலெழலாம். ஒரு வாட்டிலிருந்து 20 டெசிபல் ஏற 100 வாட் வேண்டும். அவ்வேளையில் கிட்டுவது 97.5 டெசிபல், இல்லத்திற்கு இது பேரொலி. திரையரங்குகளின் அளவுகோல் ஒரு வழிக்கு 105 டெசிபல் உச்சம் என்பது உண்மையே. ஆயினும் வீட்டுக்கூடத்தில் அவ்வளவு ஒலியோடு படம் காண்போர் மிகச் சிலர்.

இனி, 87 டெசிபலுக்கு மாறாக 90 டெசிபல் ஒலிபெருக்கியைக் கொண்டால் என்னாகும்? 100 வாட் செய்த வேலையை 50 வாட் செய்துவிடும். ரிசீவரை இரட்டித்துப் பெறும் பயனை ஒலிபெருக்கியை மாற்றியே பெறலாம் என்பது இதனால் விளங்கும்.

வாட் எண்ணின் மெய்ம்மை

1990களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற கேசட் கருவிகளின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகளுடன் ஆயிரம், இரண்டாயிரம் என வாட் எண்கள் மின்னியதை மூத்தோர் அறிவர். அவ்வெண்ணை அளப்பதற்குப் பொதுவான முறை ஏதும் இல்லை. இன்றைய ரிசீவர்களின் பெட்டியில் அத்துணைப் பொய் இல்லை. ஆனால் மெய்யைப் பகுதியாக உரைக்கும் வழக்கம் உண்டு.

நம் ஆசிரியர் இல்லத்து ரிசீவரின் பெட்டியில் 135 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தனர். குறிப்பேட்டில் அதே கருவிக்கு மூன்று எண்கள் இருந்தன. ஒரே ஒரு வழி மட்டும் இயங்க, ஒரே ஓர் அதிர்வெண்ணில், ஒலித்திரிபு நூற்றுக்குப் பத்து வரை போனாலும் தாழ்வில்லை எனக் கொண்டால் 135 வாட். அதே நிலையில் திரிபு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டுமெனில் 100 வாட். இரண்டு வழிகள் இயங்க, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை செவிக்கு எட்டும் நிரை முழுவதிலும், திரிபு மிகக் குறைவாக இருக்க வேண்டுமெனில் 70 வாட். இம்மூன்றுள் நாம் கொள்ளத்தக்கது இறுதி எண்ணே. இவ்வாறு ஒழுங்காக அளந்து அறிவிக்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் பெருக்கிகளுக்கெனத் தனி விதி வகுத்தது.

எனவே கடையில் “எத்தனை வாட்?” என்று வினவுதல் போதாது. “எத்தனை ஓமில், எத்தனை வழிகள் இயங்கும்போது, எந்த அதிர்வெண் நிரையில், எவ்வளவு திரிபில்?” என்று வினவுதல் வேண்டும். இந்நான்கும் ஒத்த இரு கருவிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

வாட் மிகுந்தால் ஒலிபெருக்கி கெடும் என அஞ்சுவோரும் உளர். அளவோடு கேட்கும் இல்லத்தில் அவ்வச்சம் வேண்டா. உண்மையில், திறன் குறைந்த ரிசீவரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது ஒலியலையின் முகடு வெட்டுண்டு போகிறது. அவ்வாறு சிதைந்த ஒலியே ட்வீட்டர் எனப்படும் நுண்ணொலிக் கூம்பை எரித்துவிடுவதுண்டு.

மூன்றாம் பொருத்தம்: அடித்தொனியின் சுமை

ரிசீவரின் வலிமையைப் பெரிதும் உறிஞ்சுவது அடித்தொனி. அதனைத் தாங்குவதற்கென்றே சப்வூஃபர் என்னும் தனிப்பெட்டி உள்ளது. இல்லத்திற்கு விற்கப்படும் சப்வூஃபர்களுள் பெரும்பாலானவை தமக்கெனத் தனிப் பெருக்கியை உள்ளடக்கியவை. எனவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அதற்கு அனுப்பிவிட்டால் ரிசீவரின் சுமை குறையும். மற்ற ஒலிபெருக்கிகளும் இளைப்பாறும். ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் ஒலிபெருக்கிகளை ‘சிறியவை’ எனக் குறித்து, கிராஸ்ஓவர் எல்லையை 80 ஹெர்ட்ஸ் என வைத்தல் பலருக்கும் பொருந்தும் தொடக்க நிலை. உருவில் பெரிய ஒலிபெருக்கியைச் ‘சிறியது’ எனக் குறிப்பதா என மயங்க வேண்டா. அடித்தொனியைப் பிரித்தனுப்பு என்பதே அச்சொல்லின் பொருள்.

நம் ஆசிரியர் இல்லத்தில் சப்வூஃபர் இருந்தது. வெள்ளையடித்தபோது கழற்றிய கம்பி மீண்டும் இணைக்கப்படவில்லை. ‘பெரியவை’ எனக் குறிக்கப்பட்ட முன்புறத்து 4 ஓம் ஒலிபெருக்கிகள், ஏற்கெனவே தளர்ந்த ரிசீவரின்மேல் அடித்தொனிச் சுமையையும் ஏற்றிக்கொண்டிருந்தன.

பிற பொருத்தங்கள்

வழிகளின் எண்ணிக்கை அடுத்துக் கருதத்தக்கது. 12 அடிக்கு 15 அடி அளவுள்ள கூடத்திற்கு 5.1 முறையே நிறைவு தரும். மேற்கூரையிலிருந்து ஒலி வரும் டால்பி அட்மாஸ் முறை 2012இல் திரையரங்கிற்கு வந்து, பின்னர் இல்லத்திற்கும் வந்தது. அதனை விரும்புவோர்க்கு ஏழு வழியேனும் கொண்ட ரிசீவர் வேண்டும். ஆயினும் ஒரே தொகையில் ஏழு எளிய ஒலிபெருக்கிகளைக் காட்டிலும் ஐந்து நல்லவை மேலானவை.

இணைப்பு முனைகளையும் எண்ணிப் பார்த்தல் நன்று. தொலைக்காட்சியிலேயே இயங்கும் நிகழ்ச்சிகளின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்ப எச்.டி.எம்.ஐ. முனையில் ஏ.ஆர்.சி. அல்லது அதனினும் மேம்பட்ட இ.ஏ.ஆர்.சி. என்னும் வசதி இரு கருவிகளிலும் இருத்தல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணரும் கருவிகளில் தனிக் கவனம் தேவை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விற்கப்படுவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. அதனை நேரே செருகினால் கணப்பொழுதில் கருகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 50 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கென்றே அமைந்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் மிகுதியாகச் சூடேறும். எனவே பின்புறத் தகட்டில் வோல்ட், ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டையும் படித்தறிந்த பின்னரே வாங்கச் சொல்லுதல் வேண்டும். அன்புடன் கொணர்ந்த பொருள் பயனின்றிப் பரணில் கிடத்தல் இரு தரப்பினர்க்கும் வருத்தம் தருவது.

ரிசீவரை அடைத்த அலமாரியில் வைத்தலாகாது. மேற்புறத்தில் காற்றோட்டத்திற்கு இடம் விடுதல் இன்றியமையாதது. கம்பிகளை இணைக்கும்போது சிவப்பு முனை சிவப்பிற்கும் கருப்பு முனை கருப்பிற்கும் செல்லுதல் வேண்டும். ஒன்று மாறினும் இரு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து அடித்தொனி மெலிந்துவிடும். டெனான், மராண்ட்ஸ், யமஹா முதலிய நிறுவனத்தார் பல ரிசீவர்களுடன் ஒரு சிறு ஒலிவாங்கியையும் அளிக்கின்றனர். அதனை அமருமிடத்தில் செவியின் உயரத்தில் வைத்தால், கருவியே ஒலியெழுப்பிக் கேட்டு, ஒவ்வோர் ஒலிபெருக்கியின் தொலைவையும் அளவையும் தானே சரிசெய்து கொள்ளும்.

உயிரும் மெய்யும்

இவ்வளவும் கூறிய பின்னரும் ஆசிரியரின் முதல் வினா எஞ்சி நிற்கிறது. ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை எனின் அதற்குக் காரணம் யாது?

இவ்விடத்தில் நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. உயிரெழுத்துகள் வாயைத் திறந்து உரக்க ஒலிப்பவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க, ச, த, ப முதலிய வல்லின மெய்களைத் தனித்தனியே அடையாளம் காட்டும் குறிகளோ மெல்லியவை. பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. ஒலியின் வலிமை உயிரில். கலை, தலை என்னும் வேறுபாடு மெய்யில். முதுமையில் செவி முதற்கண் இழப்பது உயர் அதிர்வெண்களையே. ஆகவே முதியோர்க்கு உயிர் கேட்கும்; மெய் நழுவும். ஒலியைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கும் உயிரும் இசையும் மேலும் உரத்து, மெய்யை இன்னும் மறைத்துவிடும். இருமடங்கு வாட் கொண்ட ரிசீவர் இக்குறையைத் தீர்க்காது.

நண்பர் பார்வையிட்டபோது, சொல் வரும் வழியாகிய நடு ஒலிபெருக்கி அலமாரியின் கீழ்த்தட்டில், முன்னே அடுக்கிய நூல்களுக்குப் பின்னால் இருந்தது. தமிழ்ப் பேராசிரியரின் இல்லத்தில் நூல்களே சொல்லை மறைத்து நின்றமை கண்டு அவரே சிரித்துவிட்டார்.

பெரிய ரிசீவர் வாங்கப்படவில்லை. முன்புறத்து மூன்று ஒலிபெருக்கிகளுக்கும் மாறாக 8 ஓம், 90 டெசிபல் உடைய மூன்று வாங்கப்பட்டன. ஒரே வரிசையைச் சேர்ந்தவையாதலால் குரல் இடமிருந்து வலம் நகரும்போது நிறம் மாறவில்லை. நடு ஒலிபெருக்கி தட்டின் விளிம்பிற்கு வந்து, அமர்வோர் செவியை நோக்கிச் சற்றே நிமிர்த்தப்பட்டது. அதன் அளவு மட்டும் 3 டெசிபல் உயர்த்தப்பட்டது. சப்வூஃபர் இணைக்கப்பட்டது. ரிசீவர் அலமாரியை விட்டு வெளியே வந்தது. அதன்பின் அது தானே அணையவில்லை.

ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி எஞ்சியது. அதனைக் கொண்டு ஆசிரியரின் செவியைச் சோதிக்கலாம் என்று மகனாரிடம் கூறினோம். ஆசிரியர் முதலில் இசையவில்லை. செவிக்கருவி அணிவதை முதுமையின் அறிவிப்பாக எண்ணினார். “ஒலிபெருக்கிக்கு ஓம் பார்த்தோம், உணர்திறன் பார்த்தோம், கேட்கும் செவிக்கு ஒன்றும் பார்க்கவில்லையே ஐயா” என்று நாம் பணிந்து கூறியபோது சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் இசைந்தார். சோதனையில் உயர் அதிர்வெண்களில்தான் இழப்பு என்பது உறுதியாயிற்று.

முடிவுரை

ரிசீவரைத் தெரிவு செய்ய விழைவோர் முதற்கண் கேட்போர் யாவர், அவர்தம் செவித்திறன் யாது எனக் காணல் வேண்டும். அடுத்து அறையையும் அமரும் தொலைவையும் அளத்தல் வேண்டும். பின்னர் ஒலிபெருக்கியின் ஓம் அளவையும் உணர்திறனையும் அறிதல் வேண்டும். அவற்றிற்கு ஏற்ற ரிசீவரை, மெய்யான வாட் எண் கண்டு, இறுதியாக வாங்குதல் வேண்டும். கடைகளில் இவ்வரிசை தலைகீழாக நிகழ்வதாலேயே பொருள் வீணாகிறது.

செவிக்கருவி அணிந்த மறுவாரம் இரவு ஒன்பது மணிக்கு ஆசிரியர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டார் அனைவரும் அமர்ந்து பட்டிமன்றம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது பின்னணியில் எழுந்த சிரிப்பால் விளங்கிற்று. “தம்பி, இந்தப் பேச்சாளர் ‘வாழ்த்துக்கள்’ என்று ஒற்று மிகுத்துச் சொல்கிறார். ‘வாழ்த்துகள்’ அன்றோ?” என்றார். அந்த ஒற்றை ‘க்’ அவர் செவியில் விழுந்திருக்கிறது. பிழை கண்டு ஆசிரியர் மகிழ்ந்ததை நாம் முதன்முறையாகக் கேட்டோம்.